கீழே விழுந்த பிளக்

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. அந்த நாற்காலியில இருக்காதீய, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல இருங்க. இங்கன இருந்தாத்தான் கண்ணாடி வழியா விமானம் நிக்குத ஹேங்கர் பூராவும் தெரியும். நானும் இந்தப் பயிற்சிப் பள்ளி தொடங்குன நாள்ல இருந்து இந்த இடத்துலதான் இருக்கேன். எந்திரிச்சுப் போக மனசே வரல.

சங்கரன்கோவில்ல இருந்து பைக்லயா வந்தீய? இந்த வெயில்லயா? ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப் அனுப்பியிருப்பேன். சரி, பொண்ணுக்குத் தாய்மாமான்னா சும்மாவா. உரக்கடைய யாரு பாத்துக்கிடுதா? மச்சினனா. நல்லது.

மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்க வந்திருக்கீய. நல்ல காரியம். விசாரிக்காமப் பொண்ணக் குடுத்துட்டு, பொறவு தலையில கைவச்சுக்கிட்டு இருக்கிறவங்க ஊர்ல எம்புட்டுப் பேரு. என்கிட்ட வரச் சொன்னது யாரு, தரகரா? ஐயம்பெருமாளேவா? என்ன சொன்னான்? 'எங்க வேதமாணிக்கம் சாருக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும், அவரு சொன்னா சரியா இருக்கும்'னானா? பாத்தீயளா, பாவம். நல்ல பய. அதுல சந்தேகமே இல்ல. நான் யாரையும் குறை சொல்லுத ஆளு கிடையாது, அத முதல்லயே சொல்லிருதேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன். அம்புட்டுதான்.

அந்தா நிக்கான் பாருங்க. வெள்ளையில நீலக்கோடு போட்ட சின்ன விமானம் நிக்குல்லா, அதுக்கு மூக்குப் பக்கத்துல. ஆமா, வாளியும் துணியுமா நிக்கிறவன்தான். இன்னைக்கு இஸ்திரி போட்ட சட்டை. காலையில வரும்போதே பாத்தேன். இளநீலம், கைப்பட்டன் எல்லாம் போட்டு. விமானம் கழுவ வாரவன் இஸ்திரிச் சட்டையில வருவானா? நீங்க வாரது அவனுக்குத் தெரியும். நாலு தரம் இந்தப் பக்கமாத் திரும்பிப் பாத்துட்டான். நீங்க பாக்காதீய. நீங்க பாத்தா வாளியக் கீழ போட்டுருவான்.

பொண்ணு ஓசூர்ல வேலை பாக்காளாமே. கல்யாணம் ஆனா இவனும் அங்கதான் போவானா? அங்கயும் விமானக் கொட்டகை இருக்கு, மெக்கானிக் லைசென்ஸ் மட்டும் வாங்கிட்டான்னா உடனே எடுத்துக்கிடுவாங்கன்னு சொன்னானா? அப்படியா. என்கிட்ட சொல்லல. அதுவரைக்கும் பேச்சு போயிருச்சா. சரி, சரி. டீ குடிங்க, ஆறிப்போவுது.

லைசென்ஸ் ஏன் இன்னும் வாங்கலன்னு கேக்கீய. நியாயமான கேள்வி. முப்பத்தாறு வயசாச்சு, இவனுக்குப் பின்னால வந்தவனெல்லாம் லைசென்ஸ் வாங்கிட்டுப் போயி சொந்தமா வீடு கட்டிட்டான். இவன் வாளியத் தூக்கிட்டு நிக்கான். பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கத்தான் செய்வீய. லைசென்ஸ் பரீட்சை எழுதணும்னா, 'இவன் இத்தன வருஷம் என்கிட்ட எஞ்சின் வேலை பாத்தான், கை சுத்தம்'னு தலைமை மெக்கானிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். தலைமை மெக்கானிக்னா நான்தான். வேற யாரு?

நான் போடல.

பொறுங்க, பொறுங்க. சும்மா ஒருத்தன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுவேனா? காரணம் இருக்கு. அதச் சொல்லணும்னா எங்க வேலையப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். உங்க பைக்ல பிளக் இருக்குல்லா, தீப்பொறி குடுக்குமே, ஒரு பிளக்கு. இந்த விமானத்துக்கு நாலு சிலிண்டரு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பிளக்கு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஆகாசத்துல வச்சு ஒண்ணு மக்கர் பண்ணாலும் இன்னொண்ணு ஓட்டிரும். மேல இருக்க பிளக்குக்கு ஒரு கவலையும் கிடையாது, காஞ்சு சுத்தமா இருக்கும். கீழ கெடக்கதுதான் சவம், எஞ்சின்ல வடியுத எண்ணெய், கரி, பெட்ரோல்ல உள்ள ஈயம் எல்லாம் வந்து அது வாயிலதான் அடையும். அப்படியே விட்டா ஒருநாள் பொறியே வராது. அதுவும் போக, ஒரே சிலிண்டர்ல கெடந்தா முனை ஒரு பக்கமாவே தேஞ்சு போகும்.

அதனால நூறு மணி நேரம் பறந்து வந்ததும் எட்டையும் கழட்டுவோம். ஓட்டை போட்ட தட்டு ஒண்ணு இருக்கு, எது எங்க இருந்துதுன்னு மாறிப்போகாம அதுல வரிசையா நட்டு வைப்போம். தொடச்சு, சுரண்டி, முனைக்கு நடுவுல உள்ள இடைவெளிய அளந்து, பொறவு இடத்த மாத்திப் போடுவோம். மேல இருந்தது பக்கத்து சிலிண்டருக்குக் கீழ போகும். கீழ கெடந்தது மேல வரும். எல்லாம் ஒண்ணுபோலத் தேயும், ஒண்ணுபோல உழைக்கும். நியாயம்னா இதுதாம்யா நியாயம்னு நான் வாரவங்க எல்லார்ட்டயும் சொல்லுவேன். ஆளுகளையும் அப்படித்தான் வச்சிருக்கேன். ஒரு மாசம் எஞ்சின் வேலை பாத்தவன் அடுத்த மாசம் கழுவணும். கழுவுனவன் எஞ்சினுக்கு வரணும். எல்லாருக்கும் சுத்து உண்டு.

நானா? நான் எப்பம் கீழ போவேன்னு கேக்கீயளா? நல்லாக் கேட்டீய போங்க. நான் மாத்துதவன் அண்ணாச்சி. மாத்துதவனும் மாறிட்டே இருந்தா யாரு மாத்த?

இவனை மட்டும்தான் சுத்துல இருந்து எடுத்துட்டேன். ஆறு வருஷமாக் கழுவுதது மட்டும்தான். அதுக்குக் காரணம் ஒரு பிளக்கு.

எங்க முதலாளிக்குச் சொந்த ஊரு விளாத்திகுளத்துக்குக் கெழக்க. அங்க குலதெய்வக் கோவிலு கும்பாபிஷேகம். முதலாளி என்ன செஞ்சாரு, 'கலசத்துல தண்ணி ஊத்துத நேரத்துக்கு நம்ம விமானம் வந்து பூத்தூவும்'னு ஊரு பூராவும் நோட்டீஸ் அடிச்சு ஒட்டிட்டாரு. மதுரையில இருந்து மூட்டை மூட்டையா ரோசா, சாமந்தி எல்லாம் வந்து இறங்கியாச்சு. அந்தா, அந்த மூலையிலதான் அடுக்கி வச்சிருந்தோம். ஹேங்கரே கல்யாண வீடு மாதிரி மணக்கு. விமானத்துக்கு நூறு மணி வேலை முந்தின நாளுதான் முடியுது. பிளக்க மாட்டிட்டா முடிஞ்சுது.

அன்னைக்கு ஐயம்பெருமாள்தான் மாட்டுதான். அப்பம் அவன் எஞ்சின்லதான் இருந்தான், என் வலது கை மாதிரி. கடைசி பிளக்க எடுத்து நிமிருதான், நான் திரும்புதேன், என் முழங்கை லேசாப் பட்டுது. பட்டா என்ன? கையில பிடிச்சிருக்கவன் கெட்டியாப் பிடிச்சிருக்க வேண்டாமா? கீழ விழுந்துட்டு. சிமெண்டுத் தரையில டிங்குனு ஒரு சத்தம்.

எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. கீழ விழுந்த பிளக்க மாட்டப்படாது. உள்ள பீங்கான் இருக்கு, அது கீறல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெளிய பாத்தா புத்தம் புதுசா இருக்கும், மேல போயிதான் வேலையக் காட்டும். அதனால விழுந்தத உடனே சுத்தியல வச்சு ஒடச்சிருவோம். ஒடைக்காம வச்சா வேற யாராவது நல்லதுன்னு நினைச்சு மாட்டிருவான்லா. சுவத்துல சிவப்புல எழுதியிருக்கது தெரியுதா? 'கீழே விழுந்த பிளக்கை மாட்டாதே.' என் கைப்பட எழுதுனதுதான்.

வேற பிளக்கு கைவசம் இல்ல. பெங்களூர்ல இருந்து வரணும். விடிஞ்சா பூ. நான் சொன்னேன், 'லேய், தொடச்சு மாட்டு. மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருக்கு, ஒண்ணு போனா ஒண்ணு ஓட்டும். பூவக் கொட்டிட்டு வாரதுக்கு எம்புட்டு நேரம் ஆவப்போவுது'ன்னு. தப்பா? நீங்களே சொல்லுங்க. அவன் என்னையப் பாத்தான். சுவத்தப் பாத்தான். பிளக்க எடுத்துட்டுப் போயி பட்டறைக் கல்லுல வச்சு, சுத்தியல எடுத்து ஒரே போடு.

எனக்கு எப்படி இருக்கும் அண்ணாச்சி? நான் வளத்த பய. நான் சொல்லிக் குடுத்த வழக்கத்த வச்சு என் மூஞ்சியிலயே அடிச்சான்.

சுவத்துல எழுதியிருக்கதுதானே அதுங்கீய. எழுதியிருக்கு, யாரு இல்லன்னா? சுவத்துல எழுதுனது சுவத்துக்கு. நான் வாயால சொல்லும்போது சுவத்த எதுக்குப் பாக்கணும்?

பூ விழல. ஊரு பூரா ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நின்னுருக்கு. கலசத்துல தண்ணி ஊத்தியாச்சு, கருடன் வந்தாச்சு, எங்க விமானம் வரல. மறுநாள் முதலாளி வந்தாரு. இந்தா இந்த இடத்துல, இத்தன பேரு முன்னால, என்னைப் பாத்து, 'அந்தப் பூவ உன் தலையில கொட்டிக்கிட்டுப் போ'ன்னாரு. விமானப்படையில இருந்து வந்தவன் நான். ஒரு அதிகாரி என்னைய ஒருமையில பேசுனது கிடையாது. பூவெல்லாம் அங்கனயே அழுகிச்சு. எடுத்துப் போட ஒருத்தனும் வரல. கடைசியில அவன்தான் எடுத்துப் போட்டான். நான்தான் எடுக்க வச்சேன். அழுகுன பூ நாத்தம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? இன்னைக்கும் என் வீட்டுக்குள்ள சாமந்தி வரப்படாது.

அன்னைக்கு வாளியக் கையில குடுத்தேன். அம்புட்டுதான்.

ஒரு வார்த்தை எதுத்துப் பேசல, அதையும் சொல்லணும். வருஷா வருஷம் அந்தப் பரீட்சைக்கு முன்னால என் முன்னால வந்து நிப்பான். 'சார், கையெழுத்து'ம்பான். 'அடுத்த வருஷம் பாப்பம்யா'ம்பேன். 'சரி சார்'னுட்டுப் போயிருவான். வேற எங்கயாவது போன்னா போவவும் மாட்டான். எங்க போனாலும் இங்க பாத்த வருஷத்துக்கு என் கையெழுத்துதானே வேணும். போன பொங்கலுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன், 'ஐயம்பெருமாளு, முதல்ல ஒரு கல்யாணத்தப் பண்ணு, பொண்ணு வீட்டுக்காரங்கள என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிடுதேன், பொறவு கையெழுத்தப் பாத்துக்கிடலாம்'னு. கண்ணுல தண்ணி வச்சுட்டான். அப்படி ஒரு மனசு.

அவன் கையி நடுங்குமான்னா? ஆமா, நடுங்கும். நீங்க கேட்டதால சொல்லுதேன். ஒரு மெக்கானிக்குக் கை நடுங்குனா எப்படிக் கையெழுத்துப் போட? நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் கழுத்துக்குல்லா வரும்.

பிளக்கு இடைவெளிய இப்பம் யாரு அளக்காங்கன்னா? அது... அவன்தான் அளப்பான். கழுவி முடிச்சுட்டு வந்து அளந்து சொல்லுவான், நான் எழுதிக்கிடுவேன். எனக்கு ரெண்டு மூணு வருஷமாக் கண்ணுல புரை. வெளிய சொல்லிறாதீய அண்ணாச்சி, சோத்துல மண்ணு விழுந்துரும். அந்த முனையில ஊசி நுழையுத அளவுதான் இடைவெளி இருக்கும், எனக்கு எல்லாம் ஒரே மொத்தையாத் தெரியுது. இவன் சொன்னா இம்மி பிசகாது. மத்த பயக்கள நம்ப முடியாது, இவனை நம்பலாம்.

நடுங்குத கையி எப்படி அளக்கும்னு கேக்கீய. அது வேற, இது வேற. சும்மா குறுக்கக் குறுக்கக் கேக்கப்படாது. வாங்க, நேர்லயே காட்டுதேன். இன்னைக்கு அந்த விமானத்துக்கு எப்படியும் எட்டையும் கழட்டணும். நீங்களே கண்ணால பாத்துட்டுப் போங்க. அப்பம் என் மேல பழி வராதுல்லா.

பாத்து வாங்க, அங்கன தண்ணி கெடக்கு. லேய் ஐயம்பெருமாளு, வாளிய வை. இன்னைக்கு நீயே பிளக்கக் கழட்டு. ஆமா, நீதான். என்னலே முழிக்க, கழட்ட மறந்துட்டியா? அண்ணாச்சி விமானம் பாக்க வந்திருக்காரு, எப்படி மாத்திப் போடுதோம்னு காட்டு. சட்டை மேல ஓவரால் எதுக்கு, அண்ணாச்சிக்கு நேரம் ஆவுது. அப்படியே கழட்டு.

பாருங்க அண்ணாச்சி. மேல உள்ளத முதல்ல எடுக்கான். ஒண்ணு. தட்டுல வைக்கான். கை ஆடலைங்கீயளா? பொறுங்க. இன்னும் நேரம் இருக்கு. நாலும் எடுத்துட்டான். வேலைக்காரப் பய, அத மறுக்க முடியாது. இப்பம் கீழ உள்ளது. இதுக்குக் குனிஞ்சு, தலையத் திருப்பி, எஞ்சினுக்கு அடியில கைய விடணும். எண்ணெய் சொட்டும். அந்தா, சட்டையில விழுந்துட்டு. தோள்பட்டையில. விழட்டும்லே, தொடைக்காத, தொடச்சா பரவும். நீ வேலையப் பாரு.

இங்கன நில்லுங்க அண்ணாச்சி. நான் கொஞ்சம் பக்கத்துல போயி நிக்கேன். பின்னால நின்னாத்தான் சரியாத் தெரியும்.

ஐயம்பெருமாளு. லேய்.

கேட்டுதா சத்தம்? டிங்குனு கேட்டுதா? இதத்தான் சொன்னேன். நான் ஒண்ணும் செய்யல, தோள்ல கைய வச்சேன், பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். பெரியவன் தோள்ல கை வைக்கப்படாதா? பாருங்க கையி எப்படி ஆடுதுன்னு. இப்பம் தெரியுதா? காத்தடிச்ச மாதிரில்லா ஆடுது.

எங்க போறான்னு பாருங்க. எடுத்துட்டான். பட்டறைக் கல்லுக்குத்தான் போறான். சுத்தியல எடுத்தாச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? மாப்பிள்ளை பாக்க வந்த மனுஷன் நிக்காரே, இந்த ஒரு நாளாவது பிளக்கத் தட்டுல வச்சுட்டுச் சும்மா நிப்போம்னு தோணுச்சா? இல்ல. போட்டான் பாருங்க. தூள். இதுதான் அந்தப் பயலோட புத்தி. திருத்தவே முடியாது.

வாங்க அண்ணாச்சி, வெளிய நிழலுக்கு வாங்க. முகம் ஏன் இப்படி ஆயிப்போச்சு? மனசக் கஷ்டப்படுத்திக்காதீய. நீங்க ஒருத்தர் மட்டும்னு நினைக்காதீய. கழுகுமலையில இருந்து ஒரு பெரியப்பா வந்தாரு. சிவகாசியில இருந்து பொண்ணுக்கு அப்பாவே வந்தாரு. எல்லாருக்கும் இதே மாதிரி கழட்டிக் காட்டித்தான் அனுப்புனேன். அவனா எல்லாரையும் என்கிட்ட அனுப்பி வைக்கான், நான் மறைக்க முடியுமா?

என்ன சொல்லுதீய? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, காத்துல கேக்கல.

'அவன் கையி நடுங்கல, உங்களக் கண்டுதான் நடுங்குது.' ஓஹோ. சொல்லுங்க.

'ஒரு முழங்கை பட்டதுக்கு ஆறு வருஷம் ஒருத்தன வாளி தூக்க வச்சவரு நீங்க.' சரி, உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது. அப்பம் பொண்ணக் குடுங்களேன், யாரு தடுத்தா?

குடுக்க மாட்டீயளா?

'உங்கள நல்லவருன்னு நம்பி, எங்களையும் உங்ககிட்டயே அனுப்பி வச்சிருக்கான் பாருங்க, அதுக்காகத்தான் குடுக்க மாட்டோம். ஓசூர்ல தனியா நின்னு பொழைக்குதவ எங்க புள்ள. அவளுக்கு இவன் ஆக மாட்டான்.'

சரி அண்ணாச்சி. எப்படிச் சொன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே. என்னையக் கொஞ்சம் ஒருமாதிரிப் பேசிட்டீய. பரவாயில்ல, வெயில்ல வந்த கோவம். கேட்டதுக்குப் பதில் சொன்னேன், நீங்களும் முடிவு எடுத்துட்டீய. அவன்ட்ட சொல்லிட்டுப் போறீயளா? வேண்டாமா? நான் சொல்லிருதேன். போங்க, இருட்டுக்கு முன்னால ஊரு போயிச் சேருங்க. அந்த வளைவுல ஆடு மேயும், பாத்துப் போங்க.

ஐயம்பெருமாளு. வாய்யா, இங்க வா. ஏன் அங்கனயே நிக்க? போயிட்டாரு. ஒண்ணும் இல்லய்யா, அவசரம், கடையில ஆள் இல்லையாம். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு, தங்கமான மனுஷன். நான் நல்லவிதமாத்தான் சொல்லி அனுப்பியிருக்கேன். எல்லாம் சொன்னேன், உன் குணத்தப் பத்தி, வேலையப் பத்தி. வீட்ல கலந்து பேசிட்டுத் தகவல் சொல்லுவாங்க. நீ ஒண்ணும் கவலப்படாத.

'சரி சார்'ங்கியா? நீ சொல்லணுமா, எனக்குத் தெரியாதா உன் மனசு.

சட்டைதான் போச்சு. பரவாயில்ல, மண்ணெண்ணெய் போட்டுக் கசக்கு. இப்பம் ஸ்டோர்ல புது பிளக்கு இருக்கும், ஒண்ணு எடுத்துட்டு வா. மிச்சம் ஏழு பிளக்கையும் சுரண்டித் தொடச்சு வை. அப்படியே எட்டுக்கும் இடைவெளிய அளந்து சொல்லு, நான் எழுதிக்கிடுதேன். பொறவு நீ போயி வாளிய எடு, மாட்டுததுக்கு வேற ஆளு வருவான்.